வினாத்தாளை யார் திருத்துவது?

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு தேர்வின் ஆயுள், மதிப்பெண் பதிவேட்டில் எண்கள் ஏறும் வரைதான். விடைத்தாள்கள் மாணவர் கைக்குப் போகும், பெற்றோர் கையெழுத்துடன் திரும்பி வரும், மெல்லக் கற்போர் பட்டியல் ஒன்று தயாராகி மாலை வகுப்பு தொடங்கும். அந்த மதிப்பெண்ணை ஈன்ற வினாத்தாளை மட்டும் யாரும் மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லை. உசிலம்பட்டி வட்டாரத்தில் உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துவரும் நான், அக்கம்பக்கத்து ஊர்களில் இதே பாடம் எடுக்கும் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, அலகுத் தேர்வுக்கான வினாக்களை நாங்களே எழுதி, தேர்வு முடிந்த பிறகு அந்த வினாக்களையும் திருத்தும் பழக்கத்தைச் சில ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறேன். பி.எட். படிக்கும்போது மனப்பாடம் செய்து எழுதிய ஏற்புடைமை (அளக்க நினைத்ததைத்தான் தேர்வு அளக்கிறதா என்பது), நம்பகத்தன்மை (யார் திருத்தினாலும், எப்போது வைத்தாலும் முடிவு மாறாமல் இருக்கிறதா என்பது) போன்றவையெல்லாம் வகுப்பறையில் என்ன வேலை செய்கின்றன என்பது இந்தப் பழக்கத்தால்தான் எனக்குப் புரிந்தது.

வினா எழுத உட்காரும் முன் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, இந்தத் தேர்வின் முடிவை வைத்து மறுநாள் என்ன செய்யப் போகிறோம் என்பதாகும். யாருக்கு எந்த இடத்தில் தடுக்கிறது என்று அறிவதற்கான தேர்வும், வகுப்பை முதலிடம் தொடங்கிக் கடைசி வரை வரிசைப்படுத்துவதற்கான தேர்வும் ஒரே தாளில் அமைய முடியாது. முன்னதில் ஒரே கருத்தைப் பல கோணங்களில் கேட்க வேண்டும். பின்னதில் பாடம் முழுவதையும் தொட்டுச் செல்ல வேண்டும். மறுநாள் எதுவும் செய்யப் போவதில்லை என்றால் அந்தத் தேர்வை வைக்காமல் பாடத்தை நடத்துவதே மேல் என்பது என் கருத்து. தலைமையாசிரியர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்தது புளூபிரிண்ட். ஒரு பக்கம் பாடத்தின் உட்பிரிவுகளையும் மறுபக்கம் நினைவு கூர்தல், புரிதல், பயன்படுத்துதல் போன்ற திறன்களையும் எழுதி, எந்தக் கட்டத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நிரப்பும் அட்டவணை அது. பொதுத்தேர்வின் அமைப்பை அப்படியே சுருக்கி அலகுத் தேர்வுக்கும் வைப்பதுதான் இங்கே பெரும்பாலோர் வழக்கம். பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண்ணில் 14 கேட்டு 10 எழுதச் சொல்வார்கள், ஐந்து மதிப்பெண்ணிலும் அப்படியே, எட்டு மதிப்பெண்ணில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, ஆகமொத்தம் 100. பொதுத்தேர்வுக்கு அந்தத் தெரிவு தேவையாக இருக்கலாம். வகுப்பில் வைக்கும் தேர்வுக்கு அது எந்த வகையிலும் உதவாது. ஆளுக்கொரு வினாவை விட்டுவிட்டு எழுதிய இருவரின் மதிப்பெண்களை ஒப்பிடுவது, இரு வேறு தேர்வுகளை எழுதியவர்களை ஒப்பிடுவதாகும். அதைவிட முக்கியமாக, மாணவர் எதை விட்டுவிட்டார் என்பதில்தான் எனக்கு வேண்டிய செய்தியே இருக்கிறது. ஆகவே எங்கள் அலகுத் தேர்வுகளில் 'எவையேனும்' என்ற சொல்லே கிடையாது. தொடக்கத்தில் மாணவர் முணுமுணுத்தார்கள், மதிப்பெண் குறைந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒரு மதிப்பெண் வினாவை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து எடுத்துப் போட்டால் சரியான விடை எந்த எழுத்தின் எதிரே இருந்தது என்பதைக்கூட மாணவர் நினைவில் வைத்திருப்பார்கள். சொந்தமாக எழுதும்போதோ சரியான விடை உடனே வந்துவிடும், தவறான மூன்று விடைகளுக்குத்தான் உழைக்க வேண்டும். வாய்க்கு வந்த மூன்று எண்களைப் போட்டு நிரப்பிவிட்டால், அவற்றைத் தேர்ந்தெடுத்த மாணவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதற்குப் பதிலே இருக்காது.

எங்கள் சேகரிப்பிலிருந்து ஒரு வினாவைக் காட்டுகிறேன். ஒரு கூட்டுத் தொடர்வரிசையின் முதல் உறுப்பு 7, பொது வித்தியாசம் 4 எனில் பத்தாவது உறுப்பு எது? கொடுத்த விடைகள் 36, 43, 47, 64. சரியான விடை 43. முதல் உறுப்போடு பொது வித்தியாசத்தை ஒன்பது முறை கூட்டுவதற்குப் பதிலாகப் பத்து முறை கூட்டியவருக்கு 47 வரும். ஒன்பது நான்கு முப்பத்தாறு என்று பெருக்கி, முதல் உறுப்பைச் சேர்க்க மறந்தவருக்கு 36. சூத்திரத்தைச் சரியாக எழுதிவிட்டு, பெருக்கலுக்கு முன்பாகவே ஏழையும் ஒன்பதையும் கூட்டி நான்கால் பெருக்கியவருக்கு 64. இந்த மூவரும் ஒரே மதிப்பெண்ணைத்தான் இழக்கிறார்கள், ஆனால் மூவருக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. 64 எழுதியவருக்குத் தொடர்வரிசையை மறுபடி நடத்துவதில் பயனில்லை. அவருடைய சிக்கல் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டது.

முதல்முறை இந்த வினாவை வைத்தபோது சரியான விடைக்கு அடுத்தபடியாக 47தான் குவிந்தது. மறுநாள் கரும்பலகையில் பாகற்காய்ப் பந்தல் ஒன்றை வரைந்து, ஒரு வரிசையில் பத்துக் கால் நட்டால் இடைவெளி எத்தனை என்று கேட்டேன். தோட்ட வேலை தெரிந்த பிள்ளைகள் நிறைந்த வகுப்பு அது. ஒன்பது என்று உடனே குரல் வந்தது. அதற்குப் பிறகு 'எண்ணிக்கையில் ஒன்று குறைக்க வேண்டும்' என்ற விதியை நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தேர்வுக்குப் பிறகு வினாவை எப்படித் திருத்துவது என்பதற்கு வருகிறேன். விடைத்தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலிருந்து 27 விழுக்காடு, கீழிருந்து 27 விழுக்காடு எனப் பிரித்து எடுத்துக்கொள்கிறோம். இந்த 27 என்ற எண்ணுக்கான புள்ளியியல் காரணத்தை அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ட்ரூமன் கெல்லி 1939ஆம் ஆண்டில் விளக்கினார். இரு குழுக்களும் போதிய அளவு வேறுபட்டிருக்க வேண்டும், அதே சமயம் போதிய ஆட்களையும் கொண்டிருக்க வேண்டும் என்ற இரண்டு தேவைகளுக்கும் இடையே அது சமன் செய்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். மேலே 11 பேர், கீழே 11 பேர். ஒரு வினாவை மேற்குழுவில் 9 பேரும் கீழ்க்குழுவில் 3 பேரும் சரியாக எழுதியிருந்தால், 22 பேரில் 12 பேர், அதாவது 0.55 பங்கினர் சரியாக எழுதியிருக்கிறார்கள், வினா நடுத்தரமானது. இரண்டு குழுக்களுக்கும் உள்ள வேறுபாடான 6ஐ 11ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.55 அந்த வினாவின் பாகுபடுத்தும் அளவு, அதாவது நன்கு கற்றவரையும் கல்லாதவரையும் அது எந்த அளவுக்குப் பிரித்துக் காட்டுகிறது என்பது. இது 0.40க்கு மேல் இருந்தால் வினா நன்றாக வேலை செய்கிறது என்றும், 0.20க்குக் கீழே போனால் வினாவைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் பொதுவாகக் கொள்வார்கள். கீழ்க்குழுவினர் மேற்குழுவினரைவிட அதிகமாகச் சரி எழுதியிருந்தால் இந்த அளவு எதிர்மறையாகும். அப்படி ஒரு வினா கிடைத்தால் அன்று வீட்டுக்குத் தாமதமாகப் போகத் தயாராகிவிடுவேன். அதில் கட்டாயம் ஏதோ ஒன்று இருக்கும்.

கடையில் வாங்கிய வினாத்தொகுப்பிலிருந்து நண்பர் ஒருவர் எடுத்து வைத்த வினா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எல்லாப் பக்கங்களும் சமமாக உள்ள நாற்கரம் எது என்று கேட்டு, சதுரம், சாய்சதுரம், செவ்வகம், சரிவகம் என்று நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். தொகுப்பின் விடைக்குறிப்பு சாய்சதுரம் என்றது. கீழ்க்குழுவில் பலர் புத்தக வரியை நினைவில் கொண்டு அதையே எழுதியிருந்தார்கள். மேற்குழுவிலோ பாதிப்பேர் சதுரம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி இரண்டையும் வட்டமிட்டு, 'சதுரமும் சாய்சதுரம்தான்' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். அவள் எழுதியதுதான் கணிதம். அறிந்தவரைத் தண்டித்து, அரைகுறையாக மனப்பாடம் செய்தவருக்கு மதிப்பெண் தரும் வினா அது. இப்படிக் குழு பிரித்து எண்ணிப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பென்சில் குறிப்பு அதிகப்பிரசங்கித்தனம் என்ற கணக்கில் போயிருக்கும்.

இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. பதினொரு பேர் கொண்ட குழுவில் இரண்டு பேர் மாறினாலே அளவு தலைகீழாகும். மேலும், ஒரு கருத்தை எல்லோரும் கற்றுவிட்டார்களா என்று பார்க்க வைத்த வினாவை எல்லோரும் சரியாக எழுதிவிட்டால் பாகுபடுத்தும் அளவு சுழியம்தான் வரும். அது வினாவின் குறையாகாது, மகிழ வேண்டிய செய்தி. எண் சுட்டும் இடத்தில் கையை வைத்துப் பார்ப்பது ஆசிரியரின் வேலை.

ஏற்புடைமை என்பதை நான் இப்போது இப்படித்தான் சோதிக்கிறேன்: வாக்கியக் கணக்கைத் தவறாக எழுதிய மாணவரை அழைத்து, அதே வினாவை வாயால் மெல்லப் படித்துக் காட்டுகிறேன். கேட்ட மாத்திரத்தில் சரியாகச் செய்துவிட்டால், என் வினா அவருடைய கணக்கை அளக்கவில்லை, வாசிப்பை அளந்திருக்கிறது. 'பின்வருவனவற்றுள் எது தவறானது அல்ல' போன்ற வாக்கியங்களை எங்கள் குழு அடியோடு கைவிட்டதற்கு இந்தச் சோதனைதான் காரணம்.

வாசிப்பு மட்டுமன்றி, வினா தனக்குள் ஒளித்து வைத்திருக்கும் பிற அறிவும் இருக்கிறது. நிகழ்தகவுப் பாடத்தில் சீட்டுக்கட்டு வினாக்கள் வழக்கமானவை. எங்கள் ஊர்களில் மந்தை எனப்படும் பொதுவிடத்தில் பெரியவர்கள் சீட்டாடுவதைப் பையன்கள் பார்த்திருப்பார்கள். பெண்பிள்ளைகளை அந்தப் பக்கம் நிற்கவே விடமாட்டார்கள். சீட்டுக்கட்டில் எத்தனை வகை, ஒவ்வொன்றிலும் எத்தனை சீட்டு, ராஜா ராணி எத்தனை என்பதைப் புத்தகத்தில் பார்த்து மனப்பாடம் செய்தால்தான் பெண்களுக்குத் தெரியும். விடைகளைத் தனித்தனியே எண்ணிப் பார்த்தபோது, மற்ற நிகழ்தகவு வினாக்களில் முன்னே நின்ற மாணவிகள் இந்த ஒன்றில் மட்டும் பின்தங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு, நான்கு வகைகளில் வகைக்கு 13 வீதம் 52 சீட்டுகள் என்ற செய்தியை வினாவிலேயே எழுதினோம். இடைவெளி மறைந்துவிட்டது.

அப்படியானால் உள்ளூர்ச் சூழலை வைத்து எழுதிவிட்டால் போதுமே என்று தோன்றும். அதுவும் முழு மருந்தாகாது. காலையில் கிலோ 800 ரூபாய்க்கு விற்ற மல்லிகை நண்பகலில் 25 விழுக்காடு விலை குறைந்து, மாலையில் அந்த விலையிலிருந்து 25 விழுக்காடு கூடினால் மாலை விலை என்ன என்று ஒரு வினா வைத்தோம். எண்ணூறுக்கே திரும்பிவிட்டது என்று நினைப்பவர்களைக் கண்டறிவது நோக்கம். சரியான விடை 750. விடியற்காலையில் பூப்பறித்துவிட்டுப் பள்ளிக்கு வரும் ஒரு மாணவன், 'மாலைக்குள் மொட்டு விரிந்துவிடும், விலை கூடாது' என்று எழுதி நிறுத்திவிட்டான். அவனுடைய தொழிலறிவுக்கு எதிராக வினா பேசியிருக்கிறது. அதன் பிறகு உள்ளூர்ச் செய்தியை வைத்து எழுதும் வினாவை, அந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் நாங்கள் அச்சுக்குக் கொடுப்பதில்லை.

மதிப்பெண் இடுவதில் உள்ள வேறுபாட்டைக் காண, ஒருமுறை ஒரே விடையை ஜெராக்ஸ் எடுத்துக் குழுவில் உள்ள எல்லோரிடமும் கொடுத்தோம். 300க்கும் 600க்கும் இடையே 7ஆல் வகுபடும் இயல் எண்களின் கூடுதலைக் காணும் ஐந்து மதிப்பெண் கணக்கு அது. முதல் எண் 301, கடைசி எண் 595, மொத்தம் 43 எண்கள், கூடுதல் 19,264. அந்த மாணவர் முதல், கடைசி எண்களைச் சரியாகக் கண்டு, எண்ணிக்கையை மட்டும் 42 என்று எடுத்துக்கொண்டு, அதற்குப் பிந்தைய படிகள் அனைத்தையும் பிழையின்றிச் செய்து 18,816 என்று முடித்திருந்தார். பந்தல்கால் பிழைதான். இதற்கு ஒருவர் 4 போட்டார், ஒருவர் 1 போட்டார். விடை தவறு, பிறகு எப்படி நான்கு தருவது என்று கேட்டவரும், ஒரே பிழைக்கு எத்தனை முறை தண்டிப்பது என்று கேட்டவரும் அனுபவம் மிக்க ஆசிரியர்களே. அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1912இல் ஆங்கில விடைத்தாளின் நகலை 142 ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்து, மதிப்பெண்கள் சிதறிக் கிடப்பதைக் காட்டினார்கள். மொழிப்பாடம் அப்படித்தான் என்று சிலர் சமாதானம் சொல்ல, மறு ஆண்டு வடிவியல் தாளை வைத்துப் பார்த்தபோது சிதறல் அதைவிடக் கூடுதலாக இருந்தது. நூறாண்டு கழித்து எங்கள் சின்ன அறையில் அதுவே நடந்தது.

இப்போது விடைக்குறிப்பைத் தேர்வுக்கு முன்பே, படிவாரியாக எழுதிவிடுகிறோம். ஒரு படியில் நேர்ந்த பிழைக்கு அந்தப் படியின் மதிப்பெண் மட்டுமே குறையும். பிழையான எண்ணை வைத்து அடுத்த படிகள் முறையாகச் செய்யப்பட்டிருந்தால் அவற்றின் மதிப்பெண் உண்டு. ஒரு மாணவரின் தாளை முழுவதும் முடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகாமல், ஒரே வினாவை எல்லாத் தாள்களிலும் திருத்திவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறோம். முன்பக்கத்தை மடித்துவிடுவதால் பெயர் தெரியாது. நேரம் கொஞ்சம் கூடுதலாகும் என்று நினைப்பார்கள், உண்மையில் குறைகிறது, ஏனெனில் ஒரே கணக்கின் படிகள் மனத்தில் நின்றுவிடுகின்றன. கட்டின் அடியிலிருந்த தாளை அடுத்த வினாவுக்கு மேலே கொண்டுவருவதையும் வழக்கமாக்கிக்கொண்டால் நம் களைப்பு எப்போதும் ஒரே பிள்ளையின் தலையில் விழாது.

இவ்வளவு செய்தாலும் மதிப்பெண் என்பது தோராயம்தான். நான்கு விடைகள் கொண்ட 14 வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக மூன்றரை மதிப்பெண் கிடைக்கும். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை, "என்ன சார், பய போன தடவ பதினெட்டு வாங்குனான், இப்ப பதினாறுன்னு எறங்கிட்டானே" என்று கவலைப்பட்டார். இருபத்தைந்துக்கு நடக்கும் தேர்வில் இரண்டு மதிப்பெண் ஏறுவதும் இறங்குவதும் வினா அமைவதைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டு, பையன் விடைகளில் இரண்டு தேர்விலும் ஒரேபோல வந்திருந்த குறி மாற்றப் பிழையைக் காட்டினேன். "அப்ப இதத்தான் கண்டிக்கணும்" என்றார். கண்டிக்க வேண்டாம், மாலையில் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள் என்றேன். 34க்கும் 36க்கும் இடையே ஒரு பிள்ளையின் வாழ்க்கையைப் பிரிக்கும் கோடு போடப்பட்டிருப்பதைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு. அவை இங்கே வேண்டாம்.

தேறிய வினாக்களை அட்டைகளில் எழுதிச் சேர்த்து வைக்கிறோம். முன்புறம் வினா, பின்புறம் அதை எழுதிய வகுப்பு, எந்த விடையை எத்தனை பேர் எழுதினார்கள், பாகுபடுத்தும் அளவு. ஒரு பள்ளியில் காலையில் நடந்த தேர்வின் தாள் மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் பக்கத்து ஊருக்குப் போய்விடுவதால் அட்டையை அப்படியே இரண்டாம் முறை பயன்படுத்த முடியாது. எண்களை மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அதிலும் கவனம் வேண்டும். மேலே சொன்ன வினாவில் பொது வித்தியாசத்தை 4 என்பதற்குப் பதில் −4 என்று மாற்றினால் விடை −29 ஆகும். இப்போது அது தொடர்வரிசையோடு குறை எண்களையும் சேர்த்துச் சோதிக்கிறது, பழைய அட்டையின் எண்கள் எதுவும் இதற்குப் பொருந்தாது. அதைப் புதிய வினாவாகவே கொண்டு புதிய அட்டையில் எழுத வேண்டும்.

அச்சுக்குப் போகும் முன் பார்க்க வேண்டிய சிறிய விஷயங்களும் உண்டு. வினா ஒரு பக்கத்திலும் அதன் படம் மறுபக்கத்திலும் போய்விடக் கூடாது. நான்கு விடைகளில் சரியானது மட்டும் நீளமாக இருக்கக் கூடாது. விடை தெரியாவிட்டால் 'இ' போடு என்று எங்கள் பிள்ளைகள் தமக்குள் சொல்லிக்கொள்வார்கள்; பழைய தாள்கள் சிலவற்றை எடுத்து எண்ணிப் பார்த்தபோது, வினா எழுதியவர்கள் தம்மை அறியாமல் சரியான விடையை நடுவில் ஒளித்து வைத்திருந்ததால் அந்த உபாயம் ஓரளவு பலித்திருக்கிறது என்று தெரிந்தது. இப்போது எண்களாக உள்ள விடைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்திவிடுகிறோம்.

தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் அடுத்த அலகுத் தேர்வின் ஒரு மதிப்பெண் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். ஒரு வெள்ளைத்தாளில் வினா எண்களைக் கீழ்நோக்கியும் அ, ஆ, இ, ஈ, எழுதாதவர் என்பவற்றைக் குறுக்காகவும் எழுதி, தாள் திருத்தும்போதே நான்கு கோடும் குறுக்கே ஒன்றுமாகப் போட்டுக்கொண்டு போகலாம், கணினி வேண்டாம். யாருமே தேர்ந்தெடுக்காத விடை எது, சரியான விடையைவிட அதிகம் பேர் தேர்ந்தெடுத்த விடை எது என்ற இரண்டை மட்டும் முதலில் பாருங்கள். முன்னதை அடுத்த முறை மாற்றிவிடலாம். பின்னதைத் தேர்ந்தெடுத்தவர்களில் இருவரைக் கூப்பிட்டு, எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். விடைக்குறிப்பே தவறாக இருந்தாலும் அங்கேதான் தெரியவரும்.